வெல்லற்கரியது எது?

ஆங்கில மொழியிலே 'இன்வின்சிபிள்' என்றொரு சொல் வழங்குகின்றது. போர்க்களச் செய்திகளிலும், விளையாட்டுப் போட்டிகளின் வருணனைகளிலும், தலைவர்களைப் புகழும் மேடைகளிலும் அச்சொல் அடிக்கடி காதில் விழும். அதனைத் தமிழிலே பெயர்த்தெழுதுவோர் சிலர் 'தோல்வி அறியாத' என்பர். சிலர் 'வெல்ல முடியாத' என்பர். இவ்விரண்டும் ஒரே பொருளன போலத் தோன்றினும் அவற்றினிடையே உள்ள வேறுபாடு பெரிது. அந்த வேறுபாட்டை விளக்குவதற்கு இலங்கையின் வடபால் உள்ள ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய தீவுகளின் வரலாற்றைக் காட்டிலும் பொருத்தமான பாடநூல் கிடைப்பது அருமை.

முதலிற் சொல்லின் பிறப்பை நோக்குதல் தகும். இலத்தீன் மொழியிலே 'வின்கெரே' என்பது வெல்லுதல். அதன் முன்னே நிற்கும் 'இன்' எதிர்மறையைக் குறிக்கும். ஈற்றிலே நிற்கும் 'இபிள்' என்பது இயலும் என்னும் பொருளைத் தரும். ஆகவே, வெல்லுதல் இயலாதது என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள். பத்து மற்போரிலும் தோலாத ஒருவனைத் தோல்வி அறியாதவன் என்று ஐயமின்றிக் கூறலாம். அது நடந்து முடிந்ததைப் பற்றிய கூற்று. அவனையே வெல்ல முடியாதவன் என்று கூறுவதானால், இன்னும் நிகழாத பதினோராவது மற்போரின் முடிவையும் அறிந்திருத்தல் வேண்டும். மனிதர் எவருக்கும் அத்தகைய அறிவு வாய்த்ததில்லை.

இச்சொல்லுக்கு உறவான வேறிரு சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. பிடிக்க முடியாத கோட்டையை 'இம்ப்ரெக்னபிள்' என்பர். கைப்பற்றுதல் என்னும் பொருளையுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது. அடக்கிப் பழக்க முடியாத உள்ளத்தை 'இன்டொமிட்டபிள்' என்பர். விலங்குகளைப் பழக்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினையே அதன் வேர். எனவே, படையையும் வீரனையும் குறிக்க முதற்சொல்லும், அரணைக் குறிக்க இரண்டாவதும், மனவுறுதியைக் குறிக்க மூன்றாவதும் பொருந்துவன. பேச்சிலும் எழுத்திலும் இம்மூன்றும் ஒன்றோடொன்று மயங்கி வருவதுண்டு. ஆயினும் நல்ல ஆங்கிலம் எழுதுவோர் இவ்வேறுபாட்டைப் பேணுவர்.

தமிழ் மரபு இவ்விடத்தே சிறிது வேறுபட்டது. பழைய வழக்கிலே 'வெல்லற்கரிய' என்பதே பெரிதும் பயின்றது. அரிது என்றால் எளிதன்று, எங்கும் காணப்படுவதன்று என்பது பொருள். ஒருபோதும் ஆகாது என்பது பொருளன்று. திருக்குறளிலே சொல்வன்மை என்னும் அதிகாரத்தில், பேச்சாற்றலும் தளராமையும் அச்சமின்மையும் வாய்த்த ஒருவனைப் பற்றிக் கூறும் வள்ளுவரும், பகைவர் அவனை வெல்வது அருமை என்ற அளவிலேயே நிற்கின்றார். முடியாது என்று அறுதியிட்டாரல்லர். வருங்காலத்தைப் பற்றிப் பேசும்போது வேண்டிய அடக்கம் அந்தச் சொல்லிலேயே பொதிந்து கிடக்கின்றது.

அந்த அடக்கத்தை மறந்து பெயர் சூடியோருக்கு நேர்ந்தவற்றை வரலாறு குறித்து வைத்திருக்கின்றது. வடமொழியிலே 'அபராஜிதன்' என்றால் வெல்லப்படாதவன் என்பது பொருள். காஞ்சிப் பல்லவரின் பெருமரபிலே இறுதியில் ஆண்ட அரசனுக்கு அதுவே பெயர். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள திருப்புறம்பியத்திலே பாண்டியனோடு நிகழ்ந்த பெரும்போரில் அவன் வென்றான். அன்று அவன் பக்கம் நின்று போரிட்டவன் முதலாம் ஆதித்த சோழன். சில ஆண்டுகள் கழிந்தன. அதே ஆதித்தன் தொண்டை நாட்டின்மேற் படையெடுத்து வந்தான். யானைமேலிருந்த பல்லவனைப் பாய்ந்து கொன்றான் என்று பின்வந்த வீரராசேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டுக் கூறும். அந்தப் பல்லவன் அபராஜிதனே என்பது வரலாற்றாசிரியர் துணிபு. வெல்லப்படாதவன் என்னும் பெயரோடு வீழ்ந்த அவனுடன் பல்லவப் பேரரசும் முடிவெய்தியது.

மேற்குலகிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1588-ஆம் ஆண்டு மே மாதத்திலே ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப் இங்கிலாந்தை அடிப்படுத்தும் நோக்கோடு ஏறக்குறைய 130 கப்பல்களை லிஸ்பன் துறைமுகத்திலிருந்து அனுப்பினான். பெரியதும் பேறுமிக்கதுமான கப்பற்படை என்பதே ஸ்பானியர் அதற்கு வழங்கிய பெயர். ஆங்கிலேயரின் பீரங்கிகளாலும், பின்னர் ஸ்கொத்லாந்து, அயர்லாந்துக் கரைகளில் வீசிய புயல்களாலும் அப்படை சிதைந்தது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக் கப்பல்கள் நாடு திரும்பவில்லை. 'வெல்லவொண்ணாத கப்பற்படை' என்னும் பட்டம் உலகெங்கும் பரவியது அதன் பின்னரே. அதுவும் பகைவரின் ஏளனமாகவே நிலைத்தது.

ஏளனம் செய்தவர்களும் அச்சொல்லின் மயக்கத்துக்குத் தப்பினாரல்லர். பிரித்தானியக் கடற்படையில் 'இன்வின்சிபிள்' என்னும் பெயர் தாங்கிய முதற் கப்பல் பிரெஞ்சுக்காரர் கட்டியது. 1747-ஆம் ஆண்டு பினிஸ்டர் முனையை அடுத்து நடந்த கடற்போரிலே ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். வெல்ல முடியாதது என்று பெயர் எழுதப்பட்ட கப்பலை வென்றெடுத்தவர்கள், அந்தப் பெயரை மாற்றாமலே தமது கடற்படையிற் சேர்த்துக்கொண்டனர்! 1758-இல் அது போர்ட்ஸ்மத்துக்கு அருகே மணற்றிட்டிலே தட்டி அழிந்தது. அப்பெயர் தாங்கிய அடுத்த கப்பல் 1801-இல் நோர்போக் கரைக்கு அப்பால் மற்றொரு மணற்றிட்டிலே மோதி, ஏறக்குறைய 400 பேரோடு மூழ்கியது. முதலாம் உலகப் போரில், 1916-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் ஜட்லாந்துக் கடற்போரிலே அதே பெயருடைய போர்க்கப்பல் வெடித்துப் பிளந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், பிழைத்தோர் அறுவர். பெயரினால் ஒரு பலகையேனும் வலுப்பெற்றதில்லை.

மேலே கூறப்பட்ட லிஸ்பன் நகருக்கும் யாழ்ப்பாணத் தீவுகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் நாடும் ஸ்பானிய மன்னரின் முடிக்கீழ் இருந்தது. அந்தக் காலத்திலேதான், 1619-ஆம் ஆண்டு, போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை வீழ்த்திச் சங்கிலி மன்னனைச் சிறைப்பிடித்தனர். பின்னர், கைப்பற்றிய நாட்டைக் காத்தற்பொருட்டு அவர்கள் கட்டிய அரண்களுள் ஒன்றே ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடற்கால்வாயின் நடுவே நிற்கும் கடற்கோட்டை.

அந்தக் கோட்டையின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. சிறிய திட்டு ஒன்றின்மேற் பவளக் கற்களால் எழுப்பப்பட்ட மதில். நாற்புறமும் கடல். பிற கோட்டைகளுக்கு அகழி தோண்டுவதற்கு ஆட்களும் காலமும் வேண்டும். இதற்கோ இயற்கையே அகழி அமைத்துக் கொடுத்திருந்தது. ஏணி சார்த்த இடமில்லை. சுரங்கம் அகழ நிலமில்லை. படகிலன்றி அணுக வழியில்லை. இந்தியக் கரையிலிருந்து யாழ்ப்பாணக் கடனீரேரிக்குள் நுழையும் கப்பல்கள் அதன் பீரங்கிகளுக்கு முன்னேதான் செல்லுதல் வேண்டும். 'இம்ப்ரெக்னபிள்' என்னும் சொல் எதற்கேனும் பொருந்துமாயின் இத்தகைய கோட்டைக்கே பொருந்தும் என்று அதனைக் கட்டியவர்கள் கருதியிருந்தால் வியப்பில்லை.

1658-ஆம் ஆண்டு ஒல்லாந்தர் வந்தனர். ரிக்லொவ் வான் கூன்ஸ் என்பான் தலைமையில் வந்த படை பெப்ரவரியிலே மன்னாரைக் கைப்பற்றி, யாழ்ப்பாணக் கோட்டையை வளைத்துக்கொண்டது. அப்படையோடு வந்த பிலிப்பஸ் பால்டேயஸ் என்னும் பாதிரியார் இப்போரின் வரலாற்றைப் பின்னர் நூலாக எழுதி வைத்தார். யாழ்ப்பாணத்து முற்றுகை நீடித்துக்கொண்டிருக்கும்போதே கடற்கோட்டையும் தாக்கப்பட்டது. மதிலின்மேல் ஏறி எவரும் அதனைப் பிடித்தாரல்லர். இரண்டு வாரமளவில் உள்ளிருந்தோருக்குக் குடிநீர் அற்றுப் போயிற்று. கோட்டைக் கதவு உள்ளேயிருந்தே திறக்கப்பட்டது. பகைவரைத் தடுத்து நிறுத்திய உப்புநீர் தம்மவரின் தாகத்தைத் தீர்க்கவில்லை. யாழ்ப்பாணக் கோட்டையும் மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட முற்றுகைக்குப் பின், பசியாலும் நோயாலும் நலிந்து, ஜூன் மாதத்திலே பணிந்தது.

இங்கே மீண்டும் வள்ளுவரின் நினைவு எழுகின்றது. அரண் என்னும் அதிகாரத்தில் அரணுக்கு உறுப்பாவன இவையென அவர் எண்ணுமிடத்து முதலிலே வைத்தது தெளிந்த நீரை. மதிலின் உயரத்தையும் அகலத்தையும் பற்றிப் பின்னர் பேசினாலும், உள்ளிருப்போரிடம் செயற்றிறம் இல்லையாயின் எத்துணைச் சிறந்த அரணும் இல்லாததற்கு ஒப்பாகும் என்றே அந்த அதிகாரத்தை முடிக்கின்றார். தண்ணீரின் அருமை தீவகத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதொன்றன்று. உவர் ஏறிய கிணறுகளுக்கிடையே நன்னீர்க் கிணறொன்றைத் தேடி, குடம் சுமந்து நெடுந்தூரம் நடந்த தலைமுறைகள் அவர்களுடையவை. கடற்கோட்டையைக் கட்டிய போர்த்துக்கேயத் தளபதிகள் அறியாத பாடத்தை, அதன் எதிர்க்கரையிலே குடத்தோடு நின்ற பெண்மணி ஒருத்தி எளிதாக எடுத்துரைத்திருப்பாள்.

கோட்டையைப் பெற்ற ஒல்லாந்தர் அதனைத் திருத்திக் கட்டினர். நன்னீர்த் தொட்டியும் அமைத்தனர். இலங்கைத் தீவின் வடிவத்திலே உப்பிட்ட பன்றித்தொடை ஒன்றைக் கண்ட அவர்கள், அதன் குதிப்புறத்திலே இக்கோட்டை இருப்பதாகக் கருதி 'ஹம்மன்ஹீல்' என்று பெயரும் இட்டனர். யாழ்ப்பாணக் கோட்டையோ ஐந்து முனையுடைய பெருங்கோட்டையாக உருமாறியது. அதன் வெளியரண்கள் நிறைவெய்திய ஆண்டு 1792. கீழைத்தேயத்து ஒல்லாந்தக் கோட்டைகளுள் அதற்கு நிகரானவை மிகச் சிலவே. மூன்றே ஆண்டுகள் சென்றன. 1795-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே ஆங்கிலேயப் படை வந்து நின்றபோது ஒரு வேட்டும் தீர்க்கப்படாமலே அக்கோட்டை கைமாறியது. கடற்கோட்டையும் அதே ஆண்டிலே ஆங்கிலேயர் வசமாயிற்று. இம்முறை தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஒல்லாந்து நாட்டினுள் பிரெஞ்சுப் படை புகுந்துவிட்டது. அந்நாட்டின் தலைவர் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்து, குடியேற்ற நாடுகளை ஆங்கிலேயரின் பாதுகாப்பில் ஒப்படைக்கும்படி ஓலை விடுத்திருந்தார். யாழ்ப்பாணத்துச் சுவர்களில் ஒரு கல்லும் அசையவில்லை. அவற்றைத் தாங்கி நின்ற அரசு ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாற் சரிந்துவிட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியும் 1948-இல் முடிந்தது. பின்னர் மூண்ட உள்நாட்டுப் போரிலும் யாழ்ப்பாணக் கோட்டை இருமுறை கைமாறியது: 1990-இல் ஒரு தரப்பாரிடமும் 1995-இல் மற்றத் தரப்பாரிடமும் சென்றது. கடற்கோட்டை சிறைச்சாலையாகவும் பயன்பட்டது. 1971-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் சிறைப்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டனர். போருக்குப் பின்னர் கடற்படையினர் அதனை உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக நடத்தலாயினர்.

கோட்டைகள் இவ்வாறாக, அவற்றைச் சூழ்ந்த தீவுகளில் எஞ்சி நின்றவை எவை என்று நோக்குதல் வேண்டும். வென்றவர்கள் முதலிற் செய்வது பெயர் மாற்றுதல். ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ட் ஆயிற்று. படங்களிலும் அரசாங்க ஏடுகளிலும் இப்பெயர்கள் எழுதப்பட்டன. அவற்றுள் டெல்வ்ட் ஒன்றே ஆங்கில வழக்கிலே நிலைத்தது. தீவக மக்களின் பேச்சில் அதுவும் இடம் பெறவில்லை. நெடுந்தீவான் தன்னை நெடுந்தீவான் என்றே கூறிக்கொண்டான். அந்தப் பெயரைக் காக்க எவரும் பீரங்கி ஏற்றியதில்லை. தாய் பிள்ளைக்குச் சொன்னாள். பிள்ளை தன் பிள்ளைக்குச் சொன்னது. அவ்வளவே அதற்கு இருந்த அரண்.

ஊர்காவற்றுறை என்னும் பெயரின் பழமையும் இதற்குச் சான்று. நயினாதீவிலே பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழ் மொழியிலே பொறிப்பித்த ஆணை அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்று அது விதிக்கின்றது. மேலும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகப் பொருள் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் சரிபாதி என்றும் வகுக்கின்றது. பராக்கிரமபாகு பல போர்களை நடத்திய பேரரசன். ஆயினும் இந்த ஆணையிலே அவன் எண்ணியது உடைந்த கப்பலுக்கும் உரிய நீதியை. கடலோடு வாழ்வோர், எக்கப்பலும் உடையக்கூடும் என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அதன் பின்னரே சட்டம் வகுப்பர் போலும்.

அதே நயினாதீவிலே நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அயலயலே விளங்குகின்றன. மகாவமிசம் கூறும் நாகதீபம் இதுவே எனப் பௌத்தர் போற்றுவர். அம்மன் கோயில் போர்த்துக்கேயர் காலத்திலே இடித்தழிக்கப்பட்டது. 1788-ஆம் ஆண்டு மீண்டும் எடுப்பிக்கப்பட்டது. இடைப்பட்ட காலம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல். இடித்த ஆட்சி அதற்குள் மறைந்துபோயிற்று. கட்டடம் வெல்லப்பட்டது உண்மை. அதனை மீண்டும் கட்ட வேண்டும் என்னும் எண்ணம் ஐந்தாறு தலைமுறை கடந்தும் கைவிடப்படவில்லை என்பதும் அத்துணை உண்மை.

மூன்றாவது சொல்லாகிய 'இன்டொமிட்டபிள்' என்பதற்கு நெடுந்தீவிலே நேரிய எடுத்துக்காட்டு உண்டு. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திலே அத்தீவிற் குதிரைகள் வளர்க்கப்பட்டன. வளர்த்தவர்கள் கப்பலேறிச் சென்றனர். அவற்றின் வழிவந்த குதிரைகள் உரிமையாளர் எவருமின்றி, கடிவாளமும் இலாடமும் அறியாமல், வறண்ட தென்புலத்து வெளிகளிற் கூட்டங்கூட்டமாக மேய்கின்றன. கோடையிலே நீரின்றி அவற்றுட் பல மடிவதும் உண்டு. மழை வந்ததும் குட்டிகளோடு மற்றவை வெளிப்படும். பழக்குதல் என்னும் வேர்ச்சொல்லின் எதிர்மறையைக் கண்ணாற் காண விரும்புவோர் அவ்வெளிகளுக்குச் செல்லலாம்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குதற்கில்லை. 1985-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் பயணப் படகு நடுக்கடலிலே மறிக்கப்பட்டு, அதிற் சென்ற குடிமக்களுள் குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டனர். கடற்படையினர் மீதே அந்தக் குற்றம் சாட்டப்பட்டது. போர் மேலும் மூண்டபோது, 1990-ஆம் ஆண்டினை அடுத்துத் தீவகத்தின் பல ஊர்கள் வெறுமையாயின. தத்தம் படையை வெல்ல முடியாதது என்று இரு தரப்பாரும் முழங்கிய காலம் அது. அந்த முழக்கத்துக்குரிய விலையைக் கொடுத்தவர்கள் மீனவரும், ஆசிரியரும், மாணவரும், கைக்குழந்தையோடு படகேறிய தாய்மாரும்.

குமுதினிப் படகோ செப்பனிடப்பட்டு மீண்டும் அதே கடலில் ஓடியது. உறவினரை இழந்தவர்களும் அதே படகின் அதே பலகையிலே அமர்ந்து குறிகட்டுவானுக்குச் சென்று வந்தனர். அவர்கள் தங்களை வெல்ல முடியாதவர்கள் என்று எங்கும் எழுதி வைத்தாரல்லர். வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளையின் பரீட்சைக்குப் போக வேண்டியிருந்தது. சந்தைக்கு மீன் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. ஆகவே சென்றனர்.

ஆங்கிலம் பயிலும் மாணவர் 'இன்வின்சிபிள்' என்னும் சொல்லை எழுதுமுன் ஒருகணம் சிந்திப்பது நன்று. நடந்து முடிந்த போட்டியையோ போரையோ பற்றிக் கூறுவதாயின் 'தோல்வி காணாத' என்பதே உண்மையான சொல். மதிலையும் அரணையும் பற்றிக் கூறுவதாயின், உள்ளே எத்தனை நாளைக்குத் தண்ணீர் இருக்கின்றது என்று கேட்ட பின்னரே எதனையும் கூறலாம். மனிதரின் உள்ளத்தைப் பற்றிக் கூறுவதாயின் 'வெல்லற்கரியது' என்னும் முன்னோரின் சொல்லே போதுமானது. அபராஜிதனின் யானையும், லிஸ்பனிலிருந்து புறப்பட்ட கப்பல்களும், ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையும் பெற்றிராத ஏதோ ஒன்று குறிகட்டுவான் இறங்குதுறையிலே பையும் குடையுமாகப் படகுக்குக் காத்து நிற்கும் மக்களிடம் இருக்கின்றது. அதற்கும் தோல்விகள் நேர்ந்திருக்கின்றன. ஆயினும் மறுநாட் காலையிற் படகு புறப்படும் நேரத்துக்கு அது துறைக்கு வந்து சேர்ந்துவிடுகின்றது.